"வயிற்றுக்கு நல்லது" என்பதற்குச் சான்று எங்கே? மட்டாஞ்சேரியின் மூன்று கடைகள் குறித்து

மட்டாஞ்சேரியில் "வயிற்றுக்கு நல்லது" என்ற சொற்கள் மூன்று வகைக் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. மருந்துக்கடையில் அவை புரோபயாட்டிக் காப்ஸ்யூலாகவும் பொடிப் பொட்டலமாகவும் இருக்கின்றன. நறுமணப் பொருள் கடையில் மஞ்சளும் மிளகும் சேர்ந்த செறிசாற்று மாத்திரையாக இருக்கின்றன. உணவகத்தில் மண்சட்டியில் வரும் பழங்கஞ்சியாக இருக்கின்றன. முதல் கடைக்காரர் அறிவியலின் பெயரால் பேசுகிறார். இரண்டாமவர் ஆயுர்வேதத்தின் பெயரால். மூன்றாமவர் பாட்டியின் பெயரால். மூவரும் ஒருவரையொருவர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் மூவரின் வாதத்திலும் உள்ள பிழை ஒன்றே. எங்கோ, யாருக்கோ, குறிப்பிட்ட ஒரு நோய்க்கு, குறிப்பிட்ட ஓர் அளவில் கிடைத்த பயனை, எவருக்கும் எந்நாளும் எந்த வயிற்றுக்கும் உரியதென்று விரித்து விற்பது அப்பிழை. அதைத் திருத்த வேண்டிய பல்கலைக்கழகத் துறைகள் அதற்கு உரமிட்டு வருகின்றன என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

புரோபயாட்டிக் என்ற சொல்லுக்கு வரையறை இல்லாமல் இல்லை. உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு 2001-இல் அர்ஜென்டினாவின் கோர்தொபாவில் கூடி அதை வகுத்தது: போதிய அளவில் உட்கொள்ளப்படும்போது உட்கொள்பவரின் உடல்நலத்துக்குப் பயன் தரும், உயிருள்ள நுண்ணுயிர்கள். இதில் மூன்று நிபந்தனைகள் உள்ளன. உயிர் இருக்க வேண்டும்; அளவு போதியதாக இருக்க வேண்டும்; பயன் மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் பாக்டீரியாதான். இவற்றோடு நான்காவதாக, சொல்லப்படாமலே உள்ளடங்கிய நிபந்தனை ஒன்றும் உண்டு. பயன் ஒரு பேரினத்துக்கோ சிற்றினத்துக்கோ உரியதன்று. அதற்குள்ளும் தனித்த ஒரு ஸ்ட்ரெயினுக்கு உரியது.

இந்த நான்காவது நிபந்தனையைப் புரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. எறணாகுளம் மாவட்டத்தின் கடலோர வயல்கள் போதும். கடல்நீர் ஏறி இறங்கும் அவ்வயல்களில் பொக்காளி என்ற நெல் விளைகிறது. உவர்ப்பைத் தாங்கும் அந்த ஆற்றல் பொக்காளிக்கு உரியது. அதைச் சான்றாகக் காட்டி, "நெல் உவர்நிலத்தில் விளையும் என்பது நிறுவப்பட்டுவிட்டது" என்று கூறி வேறொரு விதையை ஒருவர் விற்றால், வாங்கும் உழவர் சிரிப்பார். அவ்வுழவருக்கு உள்ள தெளிவு, "லாக்டோபாசில்லஸ் குடலுக்கு நல்லது" என்று எழுதும் உணவறிவியல் பேராசிரியருக்கு இருப்பதில்லை.

சீட்டிலிருந்தே தொடங்கலாம். இந்திய மருந்துச் சந்தையில் பல்லாண்டுகளாகப் புழங்கும் பெயர் "லாக்டோபாசில்லஸ் ஸ்போரோஜெனஸ்". லாக்டோபாசில்லஸ் பேரினம் ஸ்போர் எனப்படும் வித்துறையை உருவாக்குவதில்லை என்பது இளங்கலை நுண்ணுயிரியல் பாடம். அப்பெயரால் குறிக்கப்படும் உயிரி உண்மையில் பாசில்லஸ் கோயாகுலன்ஸ் என்று வகைப்பாட்டியலாளர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே மாற்றிவிட்டனர். ஆயினும் பழைய பெயர் பொட்டலங்களில் ஒட்டிக்கொண்டே வந்தது. சில இடங்களில் "லாக்டிக் அமில பாசில்லஸ்" என்ற, எந்த உயிரியையும் திட்டமாகக் குறிக்காத பெயராகச் சுருங்கியது. உள்ளே இருப்பது எந்த உயிரி என்றே சரியாகச் சொல்லாத சீட்டு, அது என்ன செய்யும் என்று சொல்வதை எவ்வாறு நம்புவது? இன்னொரு விந்தையும் உண்டு. ஆன்டிபயாட்டிக்கையும் இந்த "லாக்டிக் அமில பாசில்லஸ்" என்பதையும் ஒரே மாத்திரையில் அடைத்து விற்கும் கூட்டு மருந்துகள் நம் நாட்டில் ஏராளம். கொல்லும் பொருளையும் உயிரோடு இருக்க வேண்டிய பொருளையும் ஒரே உறைக்குள் இடுவதற்கான நியாயத்தை, வித்துறைக்குத் தாங்கும் வலிமை உண்டு என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றனர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-இல் உணவிலுள்ள புரோபயாட்டிக்குகளுக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. ஸ்ட்ரெயினை அடையாளங்காணல், ஆய்வகச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, மனிதர்களிடம் பயன் காட்டும் சோதனை ஆகியவற்றை அவை வரிசையாகக் கோருகின்றன. நெறி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கும் வழக்கந்தான் இல்லை.

சான்று என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது; இந்தியாவிலேயே இருக்கிறது; சிறப்பாகவே இருக்கிறது. இதைச் சொல்லாமல் புரோபயாட்டிக்கை முற்றாக எள்ளி நகையாடுவோரும் விற்பனையாளர்களைப் போலவே சோம்பேறிகள்.

ஒடிசாவின் 149 கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த சமவாய்ப்புச் சோதனையின் முடிவுகள் 2017-இல் 'நேச்சர்' இதழில் வெளியாயின. தாய்ப்பால் அருந்தும், பிறப்பெடை 2 கிலோவுக்குக் குறையாத குழந்தைகளுக்கு லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரத்தின் ஒரே ஒரு ஸ்ட்ரெயின், அதன் உணவாக ஒரு வகைச் சர்க்கரையுடன், வாழ்வின் முதல் நாட்களில் தொடங்கி 7 நாட்கள் கொடுக்கப்பட்டது. இரண்டு மாதக் கண்காணிப்பில், செப்சிஸ் எனும் குருதித் தொற்று அல்லது இறப்பு, மருந்துப்போலி பெற்றோரில் 9 விழுக்காடு; நுண்ணுயிர் பெற்றோரில் 5.4 விழுக்காடு. பயன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனை திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுமுன்பே நிறுத்தப்பட்டது. குழந்தை மருத்துவத்தில் இத்தகைய வேறுபாடு அரிதாகவே காணக்கிடைக்கும்.

இச்சோதனையைப் படிப்பவர் கவனிக்க வேண்டியது, அது எவ்வளவு குறுகலாக வகுக்கப்பட்டது என்பதையே. ஒரே ஸ்ட்ரெயின். ஒரே அளவு. ஏழே நாட்கள். குறிப்பிட்ட எடையும் உடல்நிலையும் உள்ள குழந்தைகள். அதன் வலிமையே அக்குறுகலில்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஆய்வு விளம்பரக் கருத்தரங்குகளில் மேற்கோளாகும்போது, அக்குறுகல் முழுவதும் கரைந்து, "புரோபயாட்டிக்குகள் தொற்றை 40 விழுக்காடு குறைக்கின்றன" என்ற வாக்கியமாகிவிடுகிறது. வயிற்று உப்புசத்தால் வருந்தும் நாற்பது வயது எழுத்தருக்கு, வேறொரு பாக்டீரியா அடங்கிய காப்ஸ்யூலை விற்க அந்த வாக்கியம் துணைபோகிறது. ஒடிசாவின் பச்சிளங்குழந்தைகளுக்கும் அவருடைய உப்புசத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை.

கொல்கத்தாச் சோதனை இன்னொரு பாடத்தைத் தருகிறது. அந்நகரின் குடிசைப்பகுதி ஒன்றில் 1 முதல் 5 வயது வரையிலான 3,758 குழந்தைகளுக்கு, 12 வாரங்கள் நாள்தோறும், லாக்டோபாசில்லஸ் கேசியின் ஷிரோட்டா ஸ்ட்ரெயின் அடங்கிய பால்பானமோ அது இல்லாத பானமோ கொடுக்கப்பட்டது. பானத்தைத் தயாரிக்கும் யாகுல்ட் நிறுவனத்தின் நிதியுதவியுடன் நடந்த இந்த ஆய்வு 2011-இல் வெளியானது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகள் ஒரு பாதியில் 608, மறுபாதியில் 674. பாதுகாப்புத் திறன் 14 விழுக்காடு என்பது ஆய்வின் முடிவு. புள்ளியியல் நோக்கில் அது பிழையற்றது. ஆனால் அதே எண்களை வேறுவிதமாகக் கூட்டிப் பார்க்கலாம். நூறு குழந்தைகளுக்கு மூவர் அல்லது நால்வர் என்ற அளவே வேறுபாடு. அதாவது, ஒரு குழந்தையை வயிற்றுப்போக்கிலிருந்து காக்க ஏறத்தாழ 28 குழந்தைகள் 84 நாட்கள் அப்பானத்தைக் குடிக்க வேண்டும். கிட்டத்தட்ட 2,400 குப்பிகள். அக்குடிசைப்பகுதிக்கு அக்குப்பிகளின் விலையில் வேறு என்ன செய்திருக்கலாம் என்ற வினா ஆய்வுக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. பொதுநலத்தின் எல்லைக்கு வெளியே நிற்கவில்லை.

இனி மறுபக்கம். குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்குப் புரோபயாட்டிக் கொடுப்பது உலகெங்கும் வழக்கமானதற்கு ஒரு முதன்மைக் காரணம், 2010-இல் வெளியான காக்ரேன் திறனாய்வு. 63 ஆய்வுகளைத் தொகுத்து, புரோபயாட்டிக் வயிற்றுப்போக்கின் கால அளவை ஏறத்தாழ ஒரு நாள் குறைக்கிறது என்று அது கூறியது. அத்தொகுப்பில் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். பின்னர் 2018-இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' இரு பெரிய சோதனைகளை ஒரே நாளில் வெளியிட்டது. அமெரிக்காவில் 971 குழந்தைகளிடம் லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி சோதிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கு நீடித்த காலத்தின் இடைநிலை, நுண்ணுயிர் பெற்றோரில் 49.7 மணி, மருந்துப்போலி பெற்றோரில் 50.9 மணி. கனடாவில் 886 குழந்தைகளிடம் வேறொரு கூட்டுத் தயாரிப்பு சோதிக்கப்பட்டது, அங்கும் பயனில்லை. 2020-இல் காக்ரேன் திறனாய்வு 82 ஆய்வுகளுடன் புதுப்பிக்கப்பட்டபோது, பிழை வாய்ப்புக் குறைந்த பெரிய ஆய்வுகளைக் கொண்டு நோக்கினால், 48 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கில் புரோபயாட்டிக்கால் வேறுபாடு அநேகமாக இல்லை என்ற முடிவுக்கு அது வந்தது. பத்தாண்டுகளில் ஒரு நாள் என்ற பயன் ஒன்றுமில்லை என்றானது. பாக்டீரியா மாறவில்லை, ஆய்வின் தரம் உயர்ந்தது, அவ்வளவே.

அதே 2020-இல் அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் தன் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எரிச்சல்மிகு குடல் நோய்க்குப் புரோபயாட்டிக்கைச் சோதனைச் சூழலில் மட்டுமே பயன்படுத்தலாம் என்றது. அமெரிக்க, கனடியக் குழந்தைகளின் கடும் குடலழற்சிக்கு வேண்டாம் என்றது. ஆன்டிபயாட்டிக் உண்போருக்கு வரும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் தொற்றைத் தடுக்கவும், குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகல் நோயைத் தடுக்கவும், குறிப்பிட்ட ஸ்ட்ரெயின்களுக்கு மட்டும், அரைமனத்துடன் இசைவு தந்தது. கொச்சியின் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகள் அல்லர் என்ற எதிர்வாதம் எழும். நியாயமான வாதமே. ஆனால் அது இங்கே சோதனை நடத்துவதற்கான வாதம். இங்கே விற்பதற்கான வாதம் அன்று.

"பயனில்லாவிட்டால் என்ன, தீங்கு இல்லையே" என்பது கடைசி அரண். அதுவும் உறுதியானதன்று. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்த சோதனை 2008-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. புரோபயாட்டிக் பெற்றோரில் 24 பேர் இறந்தனர். மருந்துப்போலி பெற்றோரில் 9 பேர். தொற்றைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் கொடுக்கப்பட்டது அது. 2023 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மருத்துவமனையில் உள்ள குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாட்டிக் தருவது உயிருக்கு ஆபத்தான தொற்றை உண்டாக்கலாம் என்று மருத்துவர்களை எச்சரித்தது; அத்தகைய தயாரிப்பிலிருந்த பாக்டீரியாவே ஒரு குழந்தையின் குருதியில் பரவி, அக்குழந்தை இறந்திருந்தது. உடல்நலமுள்ள பெரும்பாலோருக்கு இப்பொருள்களால் தீங்கில்லை என்பது உண்மை. அதனால் எவருக்கும் தீங்கில்லை என்பது உண்மையன்று.

ஆன்டிபயாட்டிக்குப் பின் "நல்ல பாக்டீரியாவை மீட்க" இக்காப்ஸ்யூல் என்ற பரிந்துரைச்சீட்டு வழக்கமும் மறுபார்வை கோருவது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018-இல் 'செல்' இதழில் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாட்டிக்குப் பின் புரோபயாட்டிக் உண்டவர்களிடம், எதுவும் உண்ணாதவர்களைக் காட்டிலும், சொந்தக் குடல் நுண்ணுயிர்கள் திரும்பி வருவது தாமதமானது. சோதிக்கப்பட்டோர் மிகச் சிலர் என்பதையும், ஆய்வுத் தலைவர்களுக்குத் தனிநபர் உணவுப் பரிந்துரை வணிகத்தில் தொடர்பு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பின் சான்றுக்கு ஒரு தராசு, தன் தரப்புக்கு வேறொரு தராசு என்பது ஆய்வாளருக்கு அடுக்காது.

இரண்டாவது கடைக்கு வருவோம். மிளகுக்கும் மட்டாஞ்சேரிக்கும் உள்ள உறவைச் சொல்லத் தேவையில்லை. 1957 முதல் மிளகின் முன்பேர வணிகம் நடந்த சங்கக் கட்டடம் யூதத் தெருவில்தான் இருக்கிறது. அன்று மிளகு மூட்டையாக விற்கப்பட்டது. இன்று பிப்பெரினாகப் பிரித்தெடுக்கப்பட்டு, மஞ்சளின் குர்குமினுடன் கூட்டப்பட்டு, "செரிமானத்துக்கு" என்ற சீட்டுடன் விற்கப்படுகிறது. அச்சீட்டுகளில் "2,000 விழுக்காடு கூடுதல் உட்கிரகிப்பு" என்ற எண் தவறாமல் இருக்கும். அவ்வெண் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வொன்றிலிருந்து வருவது. அதன் ஆசிரியர்களில் ஒருவர் பிப்பெரின் சாற்றை விற்கும் நிறுவனத்தின் நிறுவனர். ஆய்வு பொய்யென்பது இங்கு வாதமன்று. தனியே உண்ட குர்குமின் குருதியில் ஏறத்தாழ இல்லை என்னும் அளவிலேயே இருந்தது. அந்த இன்மைக்கு அருகிலிருந்து இருபது மடங்கு என்பது இன்னமும் சிற்றளவே. விழுக்காட்டை அச்சிடுபவர் அடித்தளத்தை அச்சிடுவதில்லை.

குர்குமின் அசீரணத்தில் ஓமெப்ரசோலுக்கு இணையானது என்று 2023-இல் தாய்லாந்து ஆய்வொன்று சொன்னபோது உலகச் செய்தித்தாள்கள் கொண்டாடின. அச்சோதனையில் மருந்துப்போலி பெற்ற பிரிவே இல்லை. எதைக் கொடுத்தாலும் கணிசமானோர் தேறும் ஒரு நோயில், இரண்டும் சமமாகப் பயன்பட்டனவா, இரண்டும் சமமாகப் பயன்படவில்லையா என்பதை அத்தகைய அமைப்பு பிரித்துக் காட்டாது. மறுபுறம், அமெரிக்காவின் மருந்துசார் கல்லீரல் பாதிப்பு ஆய்வுக் கூட்டமைப்பு 2022-இல் மஞ்சள் செறிசாற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பதிவுசெய்தது. அவர்களில் ஒருவர் இறந்தார். எழுவரிடம் ஒரே மரபணு வகை காணப்பட்டது. சோதிக்கப்பட்ட ஏழு தயாரிப்புகளில் மூன்றில் பிப்பெரின் இருந்தது. குழம்பில் இடும் மஞ்சளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கூடுதல் உட்கிரகிப்பு என்பதையே நன்மையாக விற்பவர், கூடுதலாக உட்செல்வது கல்லீரலுக்கும் கூடுதலாகவே செல்கிறது என்பதைச் சொல்ல மறக்கிறார்.

மூன்றாவது கடை மென்மையானது. ஆகவே விமர்சிக்கக் கடினமானது. பழங்கஞ்சியை யார் குறை சொல்வார்? தமிழ்நாட்டில் பழைய சோறு, கேரளத்தில் பழங்கஞ்சி: உழைப்பவரின் காலையுணவு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பழைய சோற்றைக் குடல் நோய் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது வரவேற்க வேண்டிய செயல். உணவை மேடைப்பேச்சிலிருந்து மருத்துவச் சோதனைக்கு நகர்த்துவதே முறை. ஆனால் சோதனை முடிவுகளுக்குக் காத்திராமல் பரவுவது வேறொன்று. நூறு கிராம் சோற்றிலுள்ள 3.4 மில்லிகிராம் இரும்புச்சத்து, பன்னிரண்டு மணி நேரம் ஊறியதும் 73.91 மில்லிகிராமாக உயர்கிறது என்ற வாக்கியம் நாளிதழ்களிலும் உணவுத் திருவிழாக்களிலும், வெட்கத்துக்குரியதாக, கல்லூரி மலர்களிலும் அச்சாகியுள்ளது.

இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியா தனிமத்தை உண்டாக்காது. விண்மீன்களின் உட்கரு உண்டாக்கும். மூடிய சட்டியில் சோறும் நீரும் இருக்க, இரவோடிரவாக எழுபது மில்லிகிராம் இரும்பு எங்கிருந்து வரும்? சட்டியிலிருந்தோ நீரிலிருந்தோ அளவீட்டுப் பிழையிலிருந்தோ மட்டுமே வர முடியும். நொதித்தல் பைட்டேட்டைச் சிதைத்து, இருக்கும் இரும்பை உடல் ஏற்க எளிதாக்கலாம் என்பது உண்மையான, அடக்கமான, ஆய்வுக்குரிய கூற்று. அது போதாதென்று இருபது மடங்காக ஊதியது யார்? பாட்டிகள் எவரும் மில்லிகிராமில் பேசியதில்லை. படித்தவர்கள்தான் பேசினார்கள்.

இட்லிக்கும் இதே நிலை. மாவில் லியூகோநோஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் செழிக்கின்றன. ஆவியில் வெந்ததும் மடிகின்றன. கள் சேர்த்துப் புளிக்கவைத்த அப்பத்துக்கும் அதுவே விதி. நல்ல உணவு, செரிக்க எளிய உணவு, 2001-இன் வரையறைப்படி புரோபயாட்டிக் அன்று. (இறந்த நுண்ணுயிருக்கும் 2021-இல் "போஸ்ட்பயாட்டிக்" என்ற பெயரும் வரையறையும் வகுக்கப்பட்டாயிற்று. சந்தை உயிரோடிருப்பதையும் விற்கும், செத்ததையும் விற்கும்.)

மரபு சான்று கேட்காது என்று வாதிடுவோர், கொச்சியின் சொந்த வரலாற்றையே மறந்தவர்கள். டச்சுக் கம்பெனியின் ஆளுநர் ஹென்றிக் வான் ரீடு இங்கிருந்து தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' நூலின் முதல் தொகுதியில், ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர் மூவரும் அளித்த சான்றுரைகள் அவரவர் எழுத்திலேயே அச்சிடப்பட்டுள்ளன. எதை, யார், எந்த அறிவின் அடிப்படையில் சொன்னார் என்பது அவற்றில் பதிவாகியிருக்கிறது. 1675-ஆம் ஆண்டின் தேதியும் இருக்கிறது. ஒவ்வொரு செடிக்கும் உள்ளூர்ப் பெயர், பல எழுத்து வடிவங்களில், படம், பயன்படும் பகுதி, எந்த நோய்க்கு என்ற குறிப்பு. அக்குறிப்புகள் இன்றைய பொருளில் மருத்துவச் சான்றாகா. ஆனால் பொருளின் அடையாளத்திலும் சொன்னவரின் பொறுப்பிலும் அவர்கள் காட்டிய கண்டிப்பு, மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே ஊரில் "லாக்டிக் அமில பாசில்லஸ்" என்று மட்டும் அச்சிடும் பொட்டலத்தில் இல்லை.

இத்தனைக்கும் வயிற்றுப்போக்குக்கு ஐயமற்ற சான்றுள்ள மருந்து, இந்திய மண்ணிலேயே மெய்ப்பிக்கப்பட்ட மருந்து, ஒன்று உண்டு. 1971-இல் வங்காள எல்லையின் பன்காவ் அகதி முகாமில், நரம்பு வழியேற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் காலரா நோயாளிகளுக்கு வாய்வழி கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. அதனுடன் துத்தநாக மாத்திரையையும் தர வேண்டும் என்று 2004-இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூறின. துத்தநாகத்தின் சரியான அளவு எது என்று இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் சோதித்து, குறைந்த அளவே போதும், வாந்தியும் குறைகிறது என்று 2020-இல் கண்டறிந்தனர். சான்று இப்படித்தான் செதுக்கப்படுகிறது. ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட இந்தியக் குழந்தைகளில் ஓஆர்எஸ் பெற்றோர் 60.6 விழுக்காடு, துத்தநாகம் பெற்றோர் 30.5 விழுக்காடு மட்டுமே. துத்தநாகப் பட்டையை நினைவுபடுத்த மருந்துக்கடைக்கு வரும் விற்பனைப் பிரதிநிதி யாருமில்லை. அதில் இலாபம் மிகக் குறைவு.

ஓஆர்எஸ் என்ற பெயருக்கே நேர்ந்தது இன்னும் கொடிது. சர்க்கரை மிகுந்த பானங்கள் அவ்வெழுத்துகளைத் தாங்கி ஆண்டுக்கணக்கில் மருந்துக்கடைகளில் விற்கப்பட்டன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டாண்டுகள் போராடியபின், 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை முழுமையாகத் தடுத்தது. மட்டாஞ்சேரியின் நடுவே ஓடும் கால்வத்தி, ராமேஸ்வரம் கால்வாய்கள் வீட்டுக் கழிவுகளைச் சுமக்கின்றன. அவற்றின் கரையில் வாழும் குழந்தையின் வயிற்றுக்கு எது நல்லது என்று கேட்டால், விடை காப்ஸ்யூலுக்குள் இல்லை. கழிவுநீர்க் குழாயிலும் குடிநீர்க் குழாயிலும் இருக்கிறது. எந்த நிறுவனமும் அதற்குக் கருத்தரங்கு நடத்தித் தருவதில்லை.

பல்கலைக்கழகம் என்ன செய்கிறது? ஒவ்வோர் ஆண்டும் உயிரித் தொழில்நுட்பத் துறைகளிலிருந்து ஒரே அச்சில் வார்த்த ஆய்வேடுகள் வெளிவருகின்றன. தயிரிலிருந்தோ ஊறுகாயிலிருந்தோ இட்லி மாவிலிருந்தோ ஒரு பாக்டீரியா பிரித்தெடுக்கப்படும். அமிலத்தில் பிழைத்தது, 0.3 விழுக்காடு பித்த உப்பில் பிழைத்தது, ஈ.கோலையைத் தட்டில் தடுத்தது என்று காட்டப்படும். "புரோபயாட்டிக் ஆற்றல் உள்ளது" என்று முடிக்கப்படும். பிழைத்திருத்தல் பயனாகாது, சாக்கடை பாக்டீரியாவும் அமிலத்தையும் பித்தத்தையும் கடந்துதான் குடலுக்கு வருகிறது. ஒரு மனிதரிடமும் சோதிக்கப்படாத அந்த "ஆற்றல்" என்ற சொல், அடுத்த படியில் நிறுவனத்தின் துண்டறிக்கையில் "நிரூபிக்கப்பட்டது" ஆகிறது. மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்றாண்டில் மருத்துவச் சோதனை நடத்த அவருக்கு நிதியும் இல்லை, நோயாளியும் இல்லை. அவ்வாய்ப்பாட்டை ஆண்டுதோறும் கையெழுத்திட்டு அனுப்பும் நெறியாளரும், அதை ஏற்கும் புறத்தேர்வாளரும்தான் விடையளிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியுடன் சேர்ந்து நூறு நோயாளிகளிடம் ஒரு ஸ்ட்ரெயினைச் சோதித்து "பயனில்லை" என்று எழுதும் ஓர் ஆய்வேடு, அத்தகைய ஐம்பது ஆய்வேடுகளை விட மதிப்புமிக்கது. அதற்குப் பட்டம் தரும் துணிவு எத்தனை துறைகளுக்கு உண்டு?

துணிவு என்ற சொல் இங்கே அணிக்காகச் சொல்லப்பட்டதன்று. கொச்சியில் பணியாற்றும் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஏபி பிலிப்ஸும் உடன் ஆய்வாளர்களும், ஹெர்பாலைஃப் உணவுச்சேர்மப் பொருள்களை உண்டபின் கல்லீரல் செயலிழந்து இறந்த இளம்பெண் ஒருவரைப் பற்றிய கட்டுரையை, இந்தியக் கல்லீரல் ஆய்வுச் சங்கத்தின் இதழில் 2018-இல் வெளியிட்டனர். சந்தையில் வாங்கிய அந்நிறுவனப் பொருள்களில் கன உலோகங்களும், சீட்டில் குறிப்பிடாத சேர்மங்களும், பாக்டீரியா டிஎன்ஏவும் இருந்ததாக அது கூறியது. அப்பெண் உண்ட அதே டப்பா சோதிக்கப்படவில்லை என்பது போன்ற எதிர்ப்புகள் இருந்தன. அவற்றுக்கு உரிய இடம் அதே இதழின் மறுப்புரைப் பக்கம். நிறுவனத்தின் சட்ட நடவடிக்கை எச்சரிக்கைகளைத் தொடர்ந்து, 2020-இல் கட்டுரையே இதழிலிருந்து அகற்றப்பட்டது. தரவு பொய்யென்று எந்த அறிவியல் விசாரணையும் முடிவு கூறி நடந்த நீக்கமன்று அது. 2023 செப்டம்பரில் வேறொரு நிறுவனமான ஹிமாலயாவின் வழக்கில் பெங்களூரு நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் அவருடைய எக்ஸ் தளக் கணக்கு முடக்கப்பட்டது. அடுத்த மாதம் கர்நாடக உயர்நீதிமன்றம், அந்நிறுவனம் குறித்த பதிவுகளை மறைக்கும் நிபந்தனையுடன், அதைத் திறக்க வழிசெய்தது.

2024-இல் அதே ஆய்வுக் குழு இந்தியச் சந்தையின் 36 புரதப் பொடிகளைச் சோதித்து, பெரும்பாலானவற்றின் சீட்டில் புரத அளவு பிழையென்று மீண்டும் ஓர் ஆய்விதழில் எழுதியது. புரோபயாட்டிக் பொட்டலங்களை அவ்வாறு வாங்கி, உள்ளிருக்கும் உயிரி எது, எத்தனை உயிரோடிருக்கின்றன, மட்டாஞ்சேரியின் மேமாத வெக்கையில் குளிர்பதனமற்ற அலமாரியில் ஆறு மாதம் கழித்து எத்தனை மிஞ்சுகின்றன என்று எண்ணிப் பார்க்க ஒரு முதுகலை ஆய்வகம் போதும். வளர்ப்புத் தட்டுகளும், ஒரு மரபணு வரிசைப்படுத்தும் கட்டணமும், கடைக்குச் சென்று பொட்டலம் வாங்கும் பணமும்தான் செலவு.